நாலாவது மாடி வரைக்கும்

எங்க அக்காவுக்கு இஸ்திரி வேலை. வீட்டு வாசல்ல வண்டி போட்டுத் தேய்க்கறது இல்ல, ஒரு பெரிய ஓட்டலோட சலவைக் கூடம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, இதுதான் அவ உலகம். கொதிக்கிற உருளை ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும். இந்தப் பக்கம் ரெண்டு பேர் ஈர விரிப்பை உள்ள விடணும், அந்தப் பக்கம் ரெண்டு பேர் சுடச்சுட வர்றதைப் பிடிச்சு மடிக்கணும். அக்கா மடிக்கிற பக்கம். நாள் பூரா நின்னுக்கிட்டே. உக்கார ஒரே ஒரு ஸ்டூல் இருக்கு, அதுல சூப்பர்வைசரோட டிபன் பை உக்காந்திருக்கும்.

அங்கேருந்து வீடு வந்தா நாலு மாடி. லிஃப்ட் கிடையாது. நாலு மாடி ஏறறது ஒண்ணும் சாதனை இல்ல, நானும்தான் ஏறறேன், கட்டடம் கட்டினவனைத் திட்டிக்கிட்டே. ஆனா அக்கா தனியா ஏற மாட்டா. அவ இடுப்புல ஒன்பது வயசுப் பொண்ணு இருப்பா.

நான் அக்காவோட தங்கச்சி. கண்ணாடிக் கடையில வேலை. அவங்க வீட்டுலயே ஒரு சின்ன ரூம்ல ஒண்டிக்கிட்டு இருக்கேன். எனக்கு வாய் நீளம்னு அத்தான் சொல்வாரு. இருக்கட்டும். இந்த வீட்டுல ஒருத்திக்காவது வாய் இருக்கணும் இல்லையா? அக்கா எதையும் சொல்ல மாட்டா. சொல்ல அவளுக்கு நேரமும் இல்ல, தெம்பும் இல்ல.

பொண்ணுக்கு வீட்டுல பேரு மேனேஜர். வெச்சது அத்தான். அவரு ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டறவரு. விடியக்காலையில போய், கடை கடையா ரொட்டி இறக்கிட்டு, சாயங்காலம் காலி வேனை எங்க கட்டடத்து முத்தத்துல கொண்டாந்து நிறுத்துவாரு. பள்ளிக்கூட வண்டியிலேருந்து இறங்கினதும் பொண்ணு நேரா அங்கதான் போகும். பின் கதவைத் திறந்துவிட்டா, படியில கால் வெச்சு உள்ள ஏறி, காலி ட்ரேயை ஒவ்வொண்ணா இழுத்துக்கிட்டு இறங்கி, சுவத்தோரம் அடுக்கும். அப்புறம் திரும்ப உள்ள ஏத்தும். நடுவுல நின்னு இடுப்புல கை வெச்சுக்கிட்டு, "டிரைவர், இங்க வை!"ன்னு அப்பாவையே அதட்டும். பேச்சு அவ்வளவு தெளிவா வராது. ஆனா அதட்டல் தெளிவா இருக்கும்.

பொறக்கும்போதே டவுன் சிண்ட்ரோம்னு சொல்லிட்டாங்க. கைக்குழந்தையில தூக்கினா பிடி நிக்காது, உடம்பு அவ்வளவு தொளதொளப்பா இருக்கும். மத்த பிள்ளைங்க ஓடறப்ப இவ உக்காரப் பழகினா. அவங்க சைக்கிள் ஓட்டறப்ப இவ நடந்தா. அக்கா வேலை முடிஞ்சு வந்து, சூட்டுல வெந்த கையாலயே அவ காலைப் பிடிச்சு நீட்டி மடக்கி, நீட்டி மடக்கி, எத்தனையோ வருஷம். மடிக்கிறதே பொழப்பாப் போச்சுடின்னு ஒரு தடவை சிரிச்சா. அது சிரிப்பே இல்ல.

ஏழு வயசுக்கு மேல பொண்ணு எடை போட ஆரம்பிச்சா. கூடவே சோம்பல். நாலு படி ஏறுவா, பொத்துன்னு உக்காந்துடுவா. உக்காந்தா உக்காந்ததுதான், ஆனை கட்டி இழுத்தாலும் வர மாட்டா. "மேனேஜர் லீவு"ன்னு வேற சொல்லுவா. பின்னாடி ஏறி வர்றவங்க ஒதுங்கி நின்னு பாப்பாங்க. அக்கா பையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, குனிஞ்சு, பொண்ணை அள்ளி இடுப்புல வெச்சுக்கிட்டு ஏறுவா. ஒவ்வொரு மாடியிலயும் சுவத்துல தோளைச் சாச்சு மூச்சு வாங்குவா. வேற வீடு பாருங்கன்னு ஈஸியா சொல்லிடலாம். எங்க வாடகைக்குக் கீழ் மாடியில எவன் வெச்சிருக்கான்?

ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, தைராய்டு குறைவா இருக்கு, இந்தப் பிள்ளைங்களுக்கு அடிக்கடி வர்றதுதான்னு மாத்திரை எழுதிக் குடுத்தாரு டாக்டர். காலையில வெறும் வயித்துல குடுங்கன்னாரு. அங்க பயிற்சி சொல்லிக்குடுக்கற அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. நல்ல மனுஷி. இவங்க உடம்பு மத்த பிள்ளைங்க அளவுக்குச் சாப்பாட்டை எரிக்காது, போதும்னு வயிறு சொல்றதும் சட்டுன்னு இவங்களுக்குத் தெரியாது, அதனால அளந்து குடுங்க, தினமும் ஓடியாட விடுங்கன்னாங்க. நடக்கலாம், பந்து எறியலாம், பாட்டுப் போட்டு ஆடலாம். குட்டிக்கரணம் மட்டும் வேணாம், கழுத்து எலும்பு இவங்களுக்குக் கொஞ்சம் தளர்வா இருக்கலாம்னாங்க.

கிளம்பறப்ப அக்கா எந்திரிச்ச விதத்தைப் பாத்து டாக்டர், "உங்க இடுப்புக்கு என்னம்மா?"ன்னு கேட்டாரு.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"இவளை இப்படித் தூக்கிட்டே இருந்தா ரொம்ப நாள் தாங்காது. முடியலன்னா தங்கிப் படிக்கிற இல்லம் இருக்கு. நல்லா பாத்துக்குவாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, யோசிச்சு வைங்க."

தப்பா எடுத்துக்காதீங்கன்னு சொல்லிட்டா யாரு தப்பா எடுத்துக்காம இருக்கா? வீட்டு வாசல்ல அக்கா பொண்ணை இறக்கிவிட்டு, படியைப் பாத்துக்கிட்டே சொன்னா: "இவ தன் காலால நாலு மாடி ஏறணும்டி. அவ்வளவுதான். படிக்கணும், பாடணும், கலெக்டராகணும்னா நான் கேட்டேன்? ஏறிட்டா எங்கயும் அனுப்ப வேணாம்."

அன்னிலேருந்து வீட்டுல ராணுவ ஆட்சி. பிஸ்கட் ஒழிஞ்சுது. சர்க்கரை மேல் அலமாரிக்குப் போச்சு. பெரிய தட்டை எடுத்துட்டு சின்னத் தட்டு வந்துது. சோறு ஒரு கிண்ணம், காய் ரெண்டு கிண்ணம். பொண்ணு தட்டைத் தூக்கிக் காட்டும், "இன்னும்"னு. அக்கா முகத்தைத் திருப்பிக்குவா. நாங்களும் அதையேதான் சாப்பிட்டோம். அத்தான் மட்டும், "எனக்கும் தைராய்டா?"ன்னு ஒரு நாள் கேட்டாரு. யாரும் சிரிக்கல.

மாத்திரைதான் பெரும் பாடு. பொண்ணுக்கு முழுங்க வராது. தண்ணியில குடுத்தா புரையேறும், இருமி இருமிக் கண்ணு பிதுங்கும், மாத்திரை தரையில கிடக்கும். அக்காதான் ஒரு வழி கண்டுபிடிச்சா. மாத்திரையைக் கரண்டியால நசுக்கி, ஒரு டம்ளர் பாலுல கலக்கிக் குடுத்தா. பொண்ணு மடமடன்னு குடிச்சுட்டு உதட்டை நக்கிச்சு. எலும்புக்கும் நல்லது, மருந்தும் உள்ள போச்சு. உன் மூளையே மூளை அக்கான்னு நானும் மெச்சினேன். அதுக்கப்புறம் ஒரு நாள் தப்பினது இல்ல. அக்காவுக்கே காய்ச்சல் வந்து கிடந்தப்பக்கூட எந்திரிச்சு வந்து பாலைக் காச்சினா.

சாயங்காலம் தெருமுனை வரைக்கும் நடை. போகும்போது ரெண்டு பேரு, வரும்போது ஒருத்தி மேல ஒருத்தி. இப்படியே மாசக்கணக்கா. எடை குறையல. குறையாதது மட்டுமா, ஏறிக்கிட்டே போச்சு. பொண்ணு தோல் வறண்டு செதில் செதிலாப் போச்சு. கை கால் ஜில்லுன்னு இருக்கும். குரல் கட்டிப்போச்சு. பள்ளிக்கூடத்துல பெஞ்சுலயே தூங்கறான்னு டீச்சர் சொல்லி அனுப்பினாங்க. டாக்டர் ரத்தம் பாத்துட்டு மாத்திரை அளவைக் கூட்டினாரு. கொஞ்ச மாசம் கழிச்சு மறுபடி கூட்டினாரு. "ஒழுங்கா குடுக்கறீங்களாம்மா?"

"ஒரு நாள் விட்டதில்ல டாக்டர்."

"சாப்பாடு?"

"நீங்க சொன்னதுக்கு மேல ஒரு வாய் கிடையாது."

அவரு நம்பின மாதிரி தெரியல. தலையை ஆட்டினாரு. அந்தத் தலையாட்டல்தான் அக்காவைப் பிடிச்சு ஆட்ட ஆரம்பிச்சுது. நாம குடுக்கல, ஆனா எடை ஏறுது, அப்ப யாரோ குடுக்கறாங்க. கணக்கு சரிதானே? கேட்டா யாருக்கும் சரின்னுதான் படும்.

மொதல்ல என்னையப் பாத்தா. என் ரூமைப் பெருக்கறேன்னு சொல்லிக் கட்டிலுக்கு அடியில தேடினா. நான் நல்லாத் திட்டிவிட்டேன். அப்புறம் பள்ளிக்கூட ஆயாவைச் சந்தேகப்பட்டா. கடைசியில ஒரு சாயங்காலம் பொண்ணு தலையை மோந்து பாத்தா. ரொட்டி வாசனை.

அத்தான் மேல எப்பவும் ரொட்டி வாசனைதான் அடிக்கும். சட்டையில, மயிர்ல, அவரு உக்காந்த நாற்காலியில. வேனுக்குள்ள ஏறி இறங்கற பொண்ணு மேல வேற என்ன வாசனை அடிக்கும், மல்லிகைப்பூவா? நான் சொல்லத்தான் செஞ்சேன். அக்கா காதுல ஏறல.

"சத்தியமாச் சொல்லுங்க. மீந்த பன்னைக் குடுக்கறீங்கதானே?"

"ஏய், ஒரு துண்டுகூட இல்ல. மீந்ததெல்லாம் எண்ணித் திருப்பிக் குடுக்கணும். உனக்குத் தெரியாதா?"

"அவ அழுதா உங்களால தாங்க முடியாது. எனக்குத் தெரியும்."

"தாங்க முடியாதுதான். அதுக்காகக் குடுத்தேன்னு ஆயிடுமா?"

அத்தான் கத்தற ஆளு இல்ல. கத்தியிருந்தா ஒருவேளை நம்பியிருப்பா. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு செருப்பைக் கழட்டினாரு. அது அக்காவுக்குக் குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரிப் பட்டுது. மறுநாள்லேருந்து பொண்ணு வேன் பக்கம் போகக் கூடாதுன்னு உத்தரவு. பள்ளிக்கூட வண்டி வந்ததும் நானோ அக்காவோ கையைப் பிடிச்சு நேரா மேல கூட்டிட்டுப் போயிடணும். பொண்ணு முத்தத்துல நின்ன வேனைப் பாத்துக் கையை நீட்டி, "ட்ரே, ட்ரே"ன்னு அழும். அவ தானா ஆசைப்பட்டு உடம்பை வளைச்ச ஒரே வேலை அது. அதையும் நிறுத்தினோம். கொஞ்ச நாள்ல அத்தான் சாயங்கால ட்ரிப்பையும் கேட்டு வாங்கிக்கிட்டாரு. பொண்ணு தூங்கினப்புறம்தான் வீட்டுக்கு வருவாரு. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல தூது போறதே என் வேலையாப் போச்சு. "சோறு மூடி வெச்சிருக்காளாம்." "சரின்னு சொல்லு." ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, நான் நடுவுல தபால்காரி.

அப்புறம் அந்தக் காலை வந்துது. சர்க்கரையும் கொழுப்பும் பாக்கணும், சாப்பிடாம கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அக்கா லீவு போட்டா, நானும் போட்டேன், ஒருத்தி தூக்க ஒருத்தி பை பிடிக்க. ரத்தம் எடுக்கற நர்ஸ் சின்னப் பொண்ணு. ஊசியைப் பிரிச்சுக்கிட்டே, "வெறும் வயிறுதானேம்மா?"ன்னு கேட்டா.

"ஆமா. ஒண்ணும் சாப்பிடல. மாத்திரை மட்டும்தான் குடுத்தேன், பாலுல."

"பாலா? எவ்வளவு?"

"எப்பவும் குடுக்கறதுதான், ஒரு டம்ளர்."

"அப்ப வெறும் வயிறு இல்லையேம்மா. இன்னிக்கு எடுக்க முடியாது."

அக்காவுக்குச் சுர்ருன்னு வந்துட்டுது. "பால் ஒரு சாப்பாடாம்மா? குடிக்கிறதுதானே?"

சிரிக்காதீங்க. எங்க வீட்டுல, எங்க அம்மா வீட்டுல, எனக்குத் தெரிஞ்ச அத்தனை வீட்டுலயும் அப்படித்தான். காலையில ஒரு டம்ளர் பாலோ காபியோ குடிச்சுட்டு, மத்தியானம் வரைக்கும் வெறும் வயித்தோட கிடந்தேன்னு சொல்ற ஜனங்க நாங்க. கடிச்சு மென்னு முழுங்கினாத்தான் சாப்பாடு. நர்ஸ் ஊசியைக் கீழ வெச்சுட்டு, "தைராய்டு மாத்திரையைத் தினமும் பாலுலயா குடுக்கறீங்க?"ன்னு கேட்டா. குரல் மாறிப் போயிருந்துது. எழுந்து போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தா.

டாக்டர் நின்னுக்கிட்டே கேட்டாரு, அப்புறம் உக்காந்துட்டாரு. இந்த மாத்திரையைப் பாலோட குடுத்தா உடம்பு சரியா எடுத்துக்காது, பாலுல இருக்கற சுண்ணாம்புச் சத்து அதைப் பிடிச்சு வெச்சுக்கும்னாரு. "தண்ணியிலதான் குடுக்கணும். பால் வேணும்னா நாலு மணி நேரம் கழிச்சு. நான் எதுல குடுக்கறீங்கன்னு கேட்டிருக்கணும்மா. கேக்கல." பெரிய மனசுதான், ஒத்துக்கிட்டாரு. ஒத்துக்கிட்டு என்ன? அத்தனை மாசமா மாத்திரையில பெரும்பங்கு பொண்ணு உடம்புல சேராமலே போயிருக்கு.

"அப்ப எடை?" அக்கா கேட்டா. "யாரும் திருட்டுத்தனமா குடுக்கலையா?"

"எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா தைராய்டு இவ்வளவு குறைஞ்சா கொஞ்சம் சாப்பிட்டாலும் எடை போடும். ஏற முடியாது, நடக்க முடியாது, தூக்கம் தூக்கமா வரும். அது பிடிவாதம் இல்ல. அவளால முடிஞ்சிருக்காது."

அளவைக் குறைச்சு எழுதிக் குடுத்தாரு. சரியாச் சேர ஆரம்பிச்சா பழைய அளவு அதிகமாயிடுமாம். பொடியைக் கரண்டித் தண்ணியில குழைச்சு, தலையை நேரா வெச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கன்னு பயிற்சி அம்மா செஞ்சு காட்டினாங்க. பொண்ணு குடிச்சா. புரையே ஏறல. அவ்வளவுதான் விஷயம். இதுக்கா இத்தனை மாசம்?

பஸ்ல அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து அழுதா. எனக்கு அவமேல கோவம் கோவமா வந்துது, பாவமாவும் இருந்துது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க? ஆனா அவளை என்னன்னு திட்டறது? அன்னன்னிக்குப் பால் காச்சினவ அவதான். நின்னு நின்னு கால் வீங்கினவளும் அவதான்.

அத்தான் அன்னிக்கு வந்தப்ப நான் தூது போகல. அக்காவே தட்டை எடுத்து வெச்சா. எல்லாத்தையும் சொன்னா. "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்"னா.

அவரு சோத்தைப் பிசைஞ்சாரு. அப்புறம், "என்னை நினைச்சதை விடு. எனக்கென்ன, எருமைத் தோலு"ன்னாரு. "அவ தட்டைத் தூக்கிக் காட்டினப்பல்லாம் உண்மையிலயே பசிச்சிருக்குமோன்னுதான் இருக்கு."

அக்கா தண்ணிச் சொம்பை அவரு பக்கம் நகத்தி வெச்சா. அதுக்கு மேல அந்தப் பேச்சை ரெண்டு பேரும் எடுக்கல.

சாயங்கால ட்ரிப்பை உடனே திருப்பிக் குடுக்க முடியல, அதுக்கு வேற ஆளு இல்லன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வேன் பின் கதவு திறந்துது. மொதல் ஞாயிறு பொண்ணு ஒரே ஒரு ட்ரேயை இறக்கிட்டு உக்காந்துட்டா. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். மெல்ல மெல்லத் தோலுக்குப் பளபளப்பு வந்துது. பெஞ்சுல தூங்கறது நின்னுது. குரல் திரும்பி வந்துது, அதட்டலும் கூடவே. எடை சட்டுன்னு இறங்கிடல, கதை சொல்றேன்னு பொய் சொல்லக் கூடாது. ஏறறது நின்னுது. அதுவே அக்காவுக்கு ரெண்டு மூட்டை இறக்கி வெச்ச மாதிரி. சாப்பாட்டு அளவு அப்படியேதான் இருக்கு, அது எப்பவும் வேணுமாம். பழம் மட்டும் சேத்துக்கச் சொன்னாங்க.

படி ஏறறது ஒரு மாடியாச்சு. அப்புறம் ரெண்டு. ரெண்டாவது மாடியில வந்து நின்னுட்டு அக்கா இடுப்பைப் பிடிப்பா. மூணாவதுக்கு மழைக்காலம் பூரா ஆச்சு. அக்கா அவசரப்படுத்தல. அவசரப்படுத்த அவகிட்ட ஒண்ணும் மிச்சமும் இல்ல. சலவைக் கூடத்துலேருந்து களைச்சு வர்றவ, பொண்ணு உக்காந்தா பக்கத்துலயே அவளும் உக்காந்துடுவா. ஏறி வர்றவங்க ரெண்டு பேரையும் சுத்திக்கிட்டுப் போவாங்க.

போன வாரம் ஒரு நாள். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு காலை வெச்சு மறுகாலைச் சேத்து, அப்படியே பொண்ணு முன்னாடி போய்க்கிட்டு இருந்தா. மூணாவது மாடியில நிப்பான்னு அக்கா குனிஞ்சு தயாரானா. நிக்கல. திரும்பிக்கூடப் பாக்கல. அக்கா என் கையைப் பிடிச்சா. நாங்க மூச்சுக்கூடச் சத்தமா விடாம பின்னாடியே போனோம். நாலாவது மாடிக் கடைசிப் படியில ரெண்டு காலையும் சேத்து வெச்சு நின்னுட்டு, எங்க கதவைக் கையால தட்டினா. உள்ள யாரும் இல்ல. இருந்தாலும் தட்டினா.

அக்கா அங்கேயே தரையில உக்காந்துட்டா. சிரிக்கிறாளா அழறாளான்னே தெரியல. பைக்குள்ள துழாவி ஒரு வாழைப்பழத்தை எடுத்து, தோலை உரிச்சு, முழுசாப் பொண்ணு கையில குடுத்தா. "சாப்பிடுடி என் தங்கம். நீ ஏறிட்டடி."

பொண்ணு பழத்தைப் பாத்தா. அக்காவைப் பாத்தா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, அக்கா கிட்டயே சொன்னா: "அம்மா திட்டும்."

நான் ஏதோ சொல்ல வந்தேன், அக்கா கையைக் காட்டி நிறுத்தினா. "இல்லடி. அம்மா திட்ட மாட்டா. நீ சாப்பிடு"ன்னா.

பொண்ணு அவ முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் முதுகைக் காட்டி, சுவத்துப் பக்கம் திரும்பி நின்னு, அவசர அவசரமாச் சாப்பிட்டா.